காபன் படிவும் உழைப்பும்: அரைத்தன்னியக்கத் துப்பாக்கி பற்றிய ஒரு குறிப்பு

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவற்றைத் துடைத்து இயங்கவைத்த கைகள் அதில் இடம்பெறுதல் அரிது. அரைத்தன்னியக்கச் சன்னத் துப்பாக்கியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

பிரித்தானிய நிலவுடைமையாளரின் பறவை வேட்டையில், சுடுபவரின் பின்னே நின்று தோட்டா ஏற்றிக் கொடுப்பதற்கென ஏவலாளர் இருந்தனர். மாலையிற் துப்பாக்கிகளைத் துடைப்பதும் ஏவலாளர் கடனே. இவ்விரு வேலைகளுள் முன்னதையே பொறி தன்னுள் வாங்கிக்கொண்டது.

ஜோன் பிறவுணிங் வடிவமைத்து, 1902 முதல் பெல்ஜியத்தில் உற்பத்தியான 'ஓட்டோ-5', வெடிப்பின் எதிருதைப்பினால் வெறுந்தோட்டாவை வெளித்தள்ளி அடுத்ததை ஏற்றியது. 1963இல் அமெரிக்காவில் வெளிவந்த 'றெமிங்டன் 1100' வெடிவாயுவைப் பயன்படுத்தியது. குழலிலுள்ள சிறு துளைகளூடாக வெளிவரும் வாயு, தோட்டாக் குழாயைச் சூழ்ந்த முசலத்தைப் பின்தள்ளும். தோளிற் படும் உதைப்பும் இதனாற் தணிந்தது.

ஆயின் அவ்வாயுவுடன் எரிந்த வெடிமருந்தின் காபனும் செல்கிறது. வெப்பத்தால் இறுகிய கரும்படிவு முசலத்தைத் தடுக்கும், துளைகளை ஒடுக்கும், வெறுந்தோட்டா வெளியேறாது சிக்கும். சுருளிவில் பழுதென எண்ணி அதனை மாற்ற முனைவோருமுளர்.

துப்புரவாக்குமுன், தோட்டா அறையும் தோட்டாக் குழாயும் வெறுமையாயிருத்தலைக் கண்ணாலும் விரலாலும் உறுதிப்படுத்தல் முதற்கடமை. முன்மூடியைத் திருகிக் கழற்றி, முன்பிடியையும் குழலையும் அகற்றின் முசலம் வெளிப்படும். வளையங்களின் ஒழுங்கைக் குறித்துக்கொண்டே அவற்றைக் கழற்றுதல் வேண்டும். உலோகப் பகுதிகளைக் கரைப்பானில் ஊறவைத்து வெண்கலத் தூரிகையால் தேய்க்கலாம். றப்பர் வளையத்தை ஊறவிடலாகாது. வெடித்திருப்பின் புதியதை இடவேண்டும். வாயுத் துளைகளை நுண்ணிய தூரிகையால், அவை அகன்றுவிடாதபடி துடைத்தல் வேண்டும். தோட்டாக் குழாயின் வெளிப்புறத்துக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சே போதும். மிகுந்த எண்ணெய் அடுத்த வெடிப்புகளிற் கரிந்து மீண்டும் படிவாகும். அழுக்கில் ஈயமும் கலந்திருத்தலால், காற்றோட்டமுள்ள இடத்திற் பணிசெய்து, பின் கைகளை நன்கு கழுவுதல் இன்றியமையாதது.

ஏற்றுபவனின் உழைப்பைப் பொறி மேற்கொண்டபோது, துடைப்பவனின் உழைப்பு குறையவில்லை. வாயுவாற் இயங்கும் வகையில் அது பெருகிற்று. ஈயத்தைத் தொடுவதும் அக்கையே. உழைப்பை மிச்சப்படுத்துவதாகக் கூறப்படும் எப்பொறியிடத்தும், மிச்சமானது எவருடையது, மிகுந்தது எவருடையது என வினவுதல் தகும் என்பதே எமது துணிபு.