அடுத்த வீட்டுக்குக் கேட்காத பாட்டு



லயத்து வீட்டில் பாட்டுக் கேட்பது ஒருவருடைய காரியமாக மட்டும் இருப்பதில்லை. ஒரு காம்பிராவில் ரேடியோவைத் திருகினால் இரண்டு பக்கத்துக் காம்பிராக்களிலும் அது கேட்கும். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகவேண்டியவர் தூக்கம் கெட்டுப் புரளுவார். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை காதைப் பொத்திக்கொள்ளும். நடுவில் இருப்பது ஒரே சுவர் அல்லவா?

இந்தத் தொல்லை தோட்டத்தோடு நின்றுவிடவில்லை. சிங்கப்பூரின் வடகிழக்கு மூலையில் பொங்கோல் என்ற ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கேயும் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. கோழிப் பண்ணைகளும் பன்றிப் பண்ணைகளும் மீனவர் குடியிருப்புகளும் இருந்தன. 1996-ல் புதிய நகரத் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு அந்த இடம் அடுக்குமாடி வீடுகளால் நிறைந்தது. அங்கே பக்கத்துச் சுவர் மட்டுமல்ல, மேல்தளமும் கீழ்த்தளமும்கூடப் பொதுவானவை. நள்ளிரவில் பாட்டுப் போட்டால் நான்கு பக்கமும் கேட்கும். 2023-ல் அக்கம்பக்கச் சத்தம் பற்றி ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு ஒன்று, இரவு 10.30 முதல் காலை 7 வரை என்றிருந்த அமைதி நேரத்தை இரவு 10 முதல் காலை 8 வரை என்று நீட்டும்படி பரிந்துரைத்தது. இதிலிருந்தே தொல்லையின் அளவைத் தெரிந்துகொள்ளலாம்.

ஆகவேதான் பொங்கோல் போன்ற ஊர்களில் இசைப் பிரியர்கள் வீட்டுக்குள்ளேயே ஹெட்போன் வழியாகக் கேட்க ஓர் அமைப்பைச் செய்துகொள்கிறார்கள். அங்கே வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது பயன்படும். தோட்டத்தில் இருக்கும் நமக்கும் பயன்படும். அதை எப்படி அமைப்பது, எதற்குப் பணம் செலவழிப்பது, எதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை என்பதை இன்று பார்ப்போம். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதிகச் சத்தம் கொடுப்பது நல்ல அமைப்பு அல்ல. சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் எல்லாம் தெளிவாகக் கேட்பதுதான் நல்ல அமைப்பு.

ஹெட்போன் புதிய பொருள் என்று நினைக்கவேண்டாம். ஒலிபெருக்கி வீட்டுக்கு வருவதற்கு முன்பே அது வந்துவிட்டது. 1924-ல் சென்னையில் தொடங்கிய மதராஸ் மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பு நடத்திய காலத்தில், மின்கலமே இல்லாத எளிய ‘கிரிஸ்டல்’ பெட்டிகளும் உண்டு. வானலையில் வரும் சொற்ப மின்சாரம் பெரிய ஒலிபெருக்கியை அசைக்கப் போதாது; காதோடு ஒட்டிய சிறு தகட்டை அசைக்க அது போதும். காதுக்கு அருகில் கொண்டுபோனால் மிகக் குறைந்த சக்தியே போதும் என்ற அந்தப் பாடம் இன்றைக்கும் பொருந்துகிறது.

ஹெட்போனுக்குள் என்ன இருக்கிறது? ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், ஒரு மெல்லிய சவ்வு. பாட்டு மின்னோட்டமாக வந்து கம்பிச்சுருளில் பாயும்போது சுருள் காந்தத்தால் முன்னும் பின்னும் இழுக்கப்படுகிறது. அதோடு ஒட்டிய சவ்வும் அசைகிறது. சவ்வு காற்றை அசைக்கிறது. காற்று நம் செவிப்பறையை அசைக்கிறது. பெரிய ஒலிபெருக்கியும் இதே வேலையைத்தான் செய்கிறது. அது ஒரு மண்டபத்துக் காற்றை அசைக்கவேண்டும். இது ஒரு பிடிக் காற்றை அசைத்தால் போதும்.

முழு அமைப்பில் நான்கு அங்கங்கள் உண்டு. நம் தோட்டத்துப் பீலித் தண்ணீரை எண்ணிப் பாருங்கள். மலையில் ஊற்று இருக்கிறது. அதுபோல முதலில் பாட்டு இருக்கும் இடம்: கைப்பேசி, கணினி, ரேடியோ அல்லது இசைத்தட்டு. ஊற்றுநீரைக் குழாய்க்குள் திருப்பும் அணைபோல, இரண்டாவதாக எண்களாக இருக்கும் பாட்டை மின்னலையாக மாற்றும் மாற்றி. மூன்றாவதாகத் தண்ணீருக்கு வேகம் கொடுக்கும் இறக்கம்போலப் பெருக்கி. நான்காவதாக நாம் குடம் ஏந்தும் பீலி, அதுதான் ஹெட்போன். ஊற்று கலங்கியிருந்தால் கீழே எவ்வளவு நல்ல பீலி வைத்தாலும் கலங்கல்தான் வரும். பீலி உடைந்திருந்தால் மேலே எவ்வளவு தெளிந்த நீர் இருந்தும் பயனில்லை.

இந்த நான்கிலும் கேட்பவர் காதுக்கு அதிக வேறுபாடு காட்டுவது ஹெட்போன்தான். ஆகவே கையில் உள்ள பணத்தில் பெரும்பங்கை அதற்கே ஒதுக்குங்கள். மாற்றியும் பெருக்கியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். விலை உயர்ந்த கம்பி வாங்கினால் இசை இனிக்கும் என்று யாராவது சொன்னால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அறுந்துபோகாத, உறுதியான சாதாரணக் கம்பியே போதும்.

ஹெட்போனில் இரண்டு வகை உண்டு. ஒன்று பின்பக்கம் மூடியது; மற்றொன்று பின்பக்கம் திறந்தது. 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் வெளியிட்ட எச்.டி. 414 என்ற மாதிரி, திறந்த வகையை உலகெங்கும் பரப்பியது. திறந்த வகையில் இசை தலைக்குள் அடைபடாமல் விசாலமாகக் கேட்கும், காதும் வேர்க்காது. ஆனால் உள்ளே கேட்பது வெளியேயும் கசியும். வெளிச்சத்தம் உள்ளேயும் வரும். குழந்தை தூங்கும் அறைக்கும், மின்விசிறி இரையும் கூடத்துக்கும் அது ஒத்துவராது. ஒரே அறையில் நாலைந்து பேர் இருக்கும் வீட்டுக்கு மூடிய வகையே பொருத்தம். அமைதியான தனி அறை கிடைத்தவர் திறந்த வகையை வாங்கலாம்.

எந்த வகையானாலும் காதுக்குப் பொருந்துவது முக்கியம். மூடிய வகையில் மெத்தை காதைச் சுற்றி நன்றாகப் படியவேண்டும். மூக்குக்கண்ணாடியின் காம்பு, தொங்கும் ஜிமிக்கி, காதருகே செருகிய பூச்சரம் இவற்றால் சிறு இடைவெளி விழுந்தாலும் மிருதங்கத்தின் தொப்பி ஒலி ஓடிவிடும். பாட்டு சப்பென்று ஆகிவிட்டதே என்று நாம் உடனே சத்தத்தைக் கூட்டுவோம். தவறு மெத்தையில், தண்டனையோ காதுக்கு. ஆகவே வாங்கும்போது தலையில் மாட்டி, தெரிந்த பாட்டு ஒன்றைக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

தெரிந்த பாட்டு என்றதும் ஒரு செய்தி. 1978-ல் வந்த ‘ப்ரியா’ படத்தின் கதையில் சிங்கப்பூருக்குப் பெரிய பங்கு உண்டு; அங்கே படப்பிடிப்பும் நடந்தது. இளையராஜா இசையமைத்த அதன் பாடல்கள், தமிழில் ஸ்டீரியோ முறையில் முதன்முதலாகப் பதிவானவற்றுள் அடங்கும். ஸ்டீரியோ என்றால் இடக்காதுக்கு ஒன்று, வலக்காதுக்கு ஒன்று என இரண்டு தனித் தடங்கள். அப்படிப் பதிவான பாட்டில் ஒரு வாத்தியம் இடப்புறமும் மற்றொன்று வலப்புறமும் நிற்பதை ஹெட்போன் காட்டிக்கொடுக்கும். அதற்கு முந்தைய பழைய பாடல்களில் பெரும்பாலானவை ஒரே தடத்தில் பதிந்தவை. அவற்றைக் கேட்டால் பாடகர் நம் நெற்றிக்கு நடுவில் நிற்பதுபோல இருக்கும். ஹெட்போன் கெட்டுவிட்டது என்று அப்போது கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம்.

அடுத்து, பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்கள். ஒன்று ‘ஓம்’. கைப்பேசிக்கென்று செய்தவை பெரும்பாலும் 16 அல்லது 32 ஓம். ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் செய்தவற்றில் 250, 300, 600 ஓம்கூட உண்டு. மற்றொன்று, ஒரு மில்லிவாட் மின்சக்தி கொடுத்தால் எத்தனை டெசிபெல் சத்தம் வரும் என்பது. 32 ஓம், 100 டெசிபெல் என்று எழுதிய ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிவாட்டில் அது 100 டெசிபெல் தரும். நிதானமாகக் கேட்க 80 டெசிபெல்லே தாராளம். 20 டெசிபெல் குறைந்தால் சக்தி நூறில் ஒரு பங்காகும். அதாவது ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு போதும்! இதைச் சாதாரணக் கைப்பேசியே கொடுத்துவிடும். ஆகவே பலருக்குத் தனிப் பெருக்கி தேவையில்லை. 300 ஓம் ஹெட்போன் அதே சத்தம் தர ஏறக்குறைய மூன்று மடங்கு மின்னழுத்தம் கேட்கும். அத்தகைய ஹெட்போன் வைத்திருப்பவருக்கே பெருக்கி உதவும்.

மாற்றியைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சிங்கப்பூர்க்காரரைச் சொல்லாமல் இருக்க முடியாது. சிம் வோங் ஹூ என்பவர் 1981-ல் கிரியேட்டிவ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்துச் சாதாரணக் கணினிகள் பலவற்றுக்குக் கீச்சென்று ஒலி எழுப்பத்தான் தெரியும். 1989-ல் அவருடைய நிறுவனம் வெளியிட்ட ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்ற அட்டையைச் செருகியதும் கணினி பேசியது, இசைத்தது. 2023-ல் அவர் காலமானார். இன்று அந்த அட்டையின் வேலையைக் கட்டைவிரல் அளவு மாற்றியே செய்கிறது. குறுந்தட்டு, ஒரு நொடி இசையை ஒவ்வொரு தடத்திலும் 44,100 முறை அளந்து எண்ணாக எழுதி வைக்கிறது. மாற்றி அந்த எண்களை வரிசையாகப் படித்து மீண்டும் அலையாக்குகிறது. ஹெட்போன் துளை இல்லாத கைப்பேசி வைத்திருப்பவர், பெயர் பெற்ற நிறுவனத்தின் சிறு மாற்றி ஒன்றை வாங்கிச் செருகினால் போதும்.

கைவேலையில் ஆசை உள்ள இளைஞர்களுக்கு ஒரு வழி. பொங்கோலில் வடகிழக்குப் பாதை ரயில் ஏறினால் மாறாமலே லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். அங்கிருந்து சற்று நடந்தால் ஜாலான் புசாரில் சிம் லிம் டவர். எலக்ட்ரானிக் உதிரிப் பொருள்களுக்குப் பெயர் போன கட்டடம் அது. 9 வோல்ட் பேட்டரி, ஒரு பெருக்கிச் சில்லு, சில மின்தடைகள், மின்தேக்கிகள், சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழ் இவற்றை வைத்து மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கும் பெருக்கியைச் செய்யலாம். ச்சூ மோய் என்பவர் வெளியிட்ட அந்த வரைபடம் உலகெங்கும் மாணவர்கள் கைபழகும் பாடமாக ஆகியிருக்கிறது. ஈயப்பற்று வைக்கும்போது சன்னலைத் திறந்து வைத்து, முடிந்ததும் கையைக் கழுவுங்கள். முதல்முறை இயக்கும்போது உங்கள் நல்ல ஹெட்போனை மாட்டாதீர்கள். மலிவான ஒன்றில் சோதித்துப் பாருங்கள். பேட்டரியில் ஓடும் வேலையோடு நில்லுங்கள். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தைத் திறந்து பார்ப்பது பயின்றவர் வேலை.

வாங்கியதைக் காப்பதும் அமைப்பின் ஒரு பகுதி. சிங்கப்பூரின் காற்று ஆண்டு முழுவதும் ஈரமானது. மலைத்தோட்டங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போலித்தோல் மெத்தைகள் அந்த ஈரத்தில் சிதைந்து, கறுப்புச் செதிலாக உதிரும். கேட்டு முடித்ததும் வேர்வையைத் துடையுங்கள். மூடியுள்ள டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு வையுங்கள். மெத்தை தனியாக வாங்கி மாற்றக்கூடிய மாதிரியைத் தேர்ந்தெடுத்தால் ஹெட்போன் பல ஆண்டுகள் உழைக்கும்.

இனி எல்லாவற்றிலும் பெரிய விஷயம். கடையில் ஹெட்போன் மாற்றித் தருவார்கள். காதை மாற்றித் தரமாட்டார்கள். உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 உண்டு. அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. தொழிற்சாலைச் சத்தத்துக்குப் பல நாடுகள் வைத்திருக்கும் எல்லை, நாளுக்கு 8 மணி நேரம் 85 டெசிபெல். சிங்கப்பூரிலும் அதுவே. 3 டெசிபெல் கூடினால் ஒலியின் சக்தி இரட்டிப்பாகும். ஆகவே பொறுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம், 100-க்கு வெறும் 15 நிமிடம். 3 டெசிபெல் கூடியது நமக்குக் கொஞ்சம் கூடியதாகத்தான் தோன்றும். ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பொழுதுபோக்காகக் கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல். சிறுவர்களுக்கு 75 டெசிபெல்.

காதுக்கும் ஒரு செக்ரோல் உண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். பகலில் தேயிலைத் தொழிற்சாலை இயந்திரம், புல் வெட்டும் இயந்திரம், மாலையில் பஸ் இரைச்சல், இரவில் ஹெட்போன் எல்லாம் ஒரே பெயரில்தான் பதிவாகும். பகல் முழுவதும் இயந்திரத்தின் அருகில் நின்ற அப்பா, இரவில் உரக்கக் கேட்டால் அன்றைய கணக்கு மீறிப்போகும். அவர் வேலை நேரத்தில் காதடைப்பு போட்டுக்கொள்ளவேண்டும். இரவில் மெல்லக் கேட்கவேண்டும்.

எளிய பழக்கங்கள் சில. அமைதியான இடத்தில் சத்தத்தைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, சொற்கள் தெளிவானதும் நிறுத்துங்கள். அளவுகோலில் நூற்றுக்கு அறுபதைத் தாண்டாதீர்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் இரைச்சலை வெல்லச் சத்தத்தைக் கூட்டாமல், வெளி இரைச்சலைத் தடுக்கும் மூடிய வகையை மாட்டுங்கள். மணிக்கு ஒருமுறை கழற்றி வையுங்கள். கழற்றிய பிறகு காதில் ரீங்காரம் கேட்டால் அது எச்சரிக்கை. அது நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். சாலையைக் கடக்கும்போதும் இயந்திரத்தின் அருகிலும் ஹெட்போன் கூடவே கூடாது.

காதுக்குப் பொருந்திய ஒரு ஹெட்போன், நல்ல பதிவு, தேவையானால் ஒரு சிறு மாற்றி, அளவான சத்தம். இவ்வளவுதான் அமைப்பு. இவை இருந்தால் அடுத்த வீட்டார் நிம்மதியாகத் தூங்குவார்கள். முதுமையில் பேரப்பிள்ளை மெல்லக் கூப்பிட்டாலும் உங்களுக்குக் கேட்கும்.