நிரல்மொழிகளில் தொகுதி முடிவுக் குறிகள்: எழில் மொழியின் ‘முடி’ என்னும் சொல்லை முன்வைத்து

முன்னுரை

தமிழ்த் தொடரில் முற்றுப்புள்ளி விடுபட்டாலும் வினைமுற்றைக் கொண்டு தொடரின் நிறைவைப் படிப்பவர் உணர்ந்துகொள்வர். நிரலைப் படிக்கும் கணினிக்கு அத்தகைய ஊகம் இயலாது. ஒரு கட்டளைத் தொகுதி எங்கு முடிகிறது என்பதை மொழியின் இலக்கணமே வரையறுக்க வேண்டும். அவ்வரையறை நிரலின் பொருளை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதைத் தமிழ் நிரல்மொழியான எழிலைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

மொழிதோறும் மாறும் குறிகள்

அல்கால் 60 மொழி ‘பிகின்’, ‘எண்ட்’ என்னும் சொற்களால் தொகுதியை வரையறுத்தது. சி மொழி நெளிவு அடைப்புக்குறிகளையும், பைத்தான் வரியின் உள்தள்ளலையும் பயன்படுத்துகின்றன. அரைப்புள்ளியின் பணியும் ஒரே தன்மையதன்று. பாஸ்கலில் அது இரு கூற்றுகளைப் பிரிக்கும் குறி. ஆகவே ‘எல்ஸ்’ என்பதற்கு முன் அதனை இடுவது பிழையாகும். சி மொழியிலோ அது கூற்றை முடிக்கும் குறி.

எழிலில் ‘ஆனால்’, ‘முடி’

தமிழ் மாணவர்களுக்கு நிரலாக்கம் கற்பிக்கும் நோக்குடன் முத்து அண்ணாமலை உருவாக்கியது எழில். அதில் அமைந்த பின்வரும் நிரல்பகுதி நோக்கத்தக்கது:

@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    @( மதிப்பெண் >= 75 ) ஆனால்
        பதிப்பி "சிறப்பு"
    முடி
இல்லை
    பதிப்பி "தோல்வி"
முடி

தமிழ்ச் சொல்லொழுங்கிற்கேற்ப நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ பின்னும் வருகின்றன. அதனால் கூற்றின் தொடக்கத்தை ‘@’ குறி அறிவிக்கிறது. இலக்கண நோக்கில் ‘ஆனால்’ நிபந்தனை எச்சம். ‘முடி’ ஏவல் வினைமுற்று. எச்சத்தால் திறக்கும் தொகுதி முற்றால் நிறைவுறுகிறது.

இங்கு முதலில் வரும் ‘முடி’ உள் நிபந்தனையை அடைத்துவிடுவதால் ‘இல்லை’ வெளி நிபந்தனைக்கு உரியதாகிறது. இதே நிரலை அடைப்புக்குறிகளின்றிச் சி மொழியில் எழுதினால், உள்தள்ளல் எவ்வாறு இருப்பினும் ‘எல்ஸ்’ அருகிலுள்ள உள் நிபந்தனையையே சேரும். அந்நிலையில் 40 மதிப்பெண் பெற்று வென்ற மாணவருக்குத் ‘தோல்வி’ என அச்சாகும். 20 பெற்றவருக்கு எதுவும் அச்சாகாது. கணினி பிழை எதனையும் சுட்டி நிரலை நிறுத்தாது என்பதே இதன் இடர்.

ஒரே சொல்லின் வரம்பு

எழிலில் நிபந்தனை, மடக்கு, நிரல்பாகம் ஆகிய அனைத்தையும் ‘முடி’ என்னும் ஒரே சொல் நிறைவுசெய்கிறது. இது கற்பதற்கு எளிது. எனினும் பல தொகுதிகள் ஒன்றனுள் ஒன்றாக அமையும்போது, விடுபட்ட ‘முடி’ எத்தொகுதிக்கு உரியது என்பதைச் சொல்லளவில் அறிய இயலாது. அல்கால் 68 இதற்கு வேறு வழி கண்டது. ‘இஃப்’ எனத் திறந்ததை அதன் எழுத்துகளைத் திருப்பி ‘ஃபி’ எனவும், ‘டூ’ எனத் திறந்ததை ‘ஓடி’ எனவும் மூடும்போது தொகுதியின் வகையும் உடன் புலப்படுகிறது.

முடிவுரை

தொகுதி முடிவுக் குறி நிரலின் தோற்றத்திற்கு மட்டும் உரியதன்று. எக்கூற்று எந்நிபந்தனைக்கு உட்பட்டது என்னும் பொருளை வரையறுப்பதும் அதுவே. தமிழில் நிரல்மொழி அமைப்போர் கலைச்சொல்லாக்கத்துடன் நின்றுவிடாமல், எச்சம், முற்று ஆகியவற்றின் இயல்பையும் கருத்தில் கொள்ளுதல் தகும்.