கடன் கொப்பியும் களவுப் பிரதியும்



வீட்டிலிருந்தபடியே அபாயா தைத்து விற்கும் ஒரு தாய், சில மாதங்களுக்கு முன் தன் மகனோடு என்னிடம் வந்தார். கையிலே பழைய அப்பியாசக் கொப்பி ஒன்று. அதுதான் அவருடைய கடன் புத்தகம். பெருநாள் தைப்புக்கு யார் எவ்வளவு தரவேண்டும், துணிக் கடைக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதெல்லாம் அதில்தான். மழைத் தண்ணீர் பட்டு நான்கைந்து பக்கங்கள் அழிந்து போயிருந்தன.

"மகன் பாவித்த கணனி ஒன்று வாங்கித் தந்திருக்கிறார், ஹஸரத். கடைக்காரர் எல்லா மென்பொருளையும் சும்மா போட்டுத் தந்தாராம். அது களவுப் பிரதி என்கிறார் மகன். காசு கொடுத்து வாங்க எனக்கு வசதியில்லை. இதிலே நான் கணக்கு எழுதலாமா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. மத்ரஸாவின் வினாத்தாள்களை நானும் பல வருடங்களாக அப்படியான ஒரு பிரதியில்தான் தயாரித்து வந்தேன். பிறர் உரிமையைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு, அந்தப் பாடத்தின் வினாத்தாளைப் பிறர் உரிமையை மீறியே அச்சிட்டிருக்கிறேன். அல்லாஹ் மன்னிப்பானாக!

மார்க்கத்தின் பார்வை

எழுத்துரிமை, கண்டுபிடிப்புரிமை ஆகியன ஷரீஅத்தின் பாதுகாப்புக்குரியவை, அவற்றை மீறலாகாது என்று சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1988இல் குவைத்தில் கூடியபோது தீர்மானித்தது. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கணனி நிரல்களைப் பாதுகாக்கிறது.

அந்தத் தாயின் தையல் கூலி அவருடைய உழைப்பின் கூலி. அது ஹராமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஹலாலான தொழிலுக்குக் களவுக் கருவி எதற்கு? அதுவும் அனுமதியோடு இலவசமாகக் கிடைக்கும் வழி இருக்கும்போது!

உரியவரே தந்த அனுமதி

திறந்த மூல மென்பொருள் என்பது இதுதான். செய்தவர்களே, "பாவியுங்கள், பிரதி எடுத்துப் பிறருக்கும் கொடுங்கள், உள்ளே திறந்து பார்த்துத் திருத்துங்கள்" என்று எழுத்தில் அனுமதி தந்துவிடுகிறார்கள். ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983இல் இதற்கான திட்டத்தை அறிவித்தார். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை வெளியிட்டார்.

இது தூரதேசத்துக் கதை மட்டுமல்ல. 2004 டிசெம்பர் 26 சுனாமி நம் கிழக்குக் கரையை அழித்தபோது, காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவு செய்வதற்காக இலங்கைத் தொண்டர்கள் 'சஹானா' என்ற திறந்த மூல மென்பொருளை ஆக்கினார்கள். 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் அது உதவியது.

எப்படி ஆரம்பிப்பது?

விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. அதனால் ஒதுக்கப்பட்ட பல கணனிகள் உங்கள் கணக்குக்குத் தாராளமாகப் போதும். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எப்.சி.ஈ. பதிப்புக்குக் குறைந்தது 2 ஜீபீ நினைவகம் வேண்டும். 4 ஜீபீ இருந்தால் நல்லது.

முதலில் பழைய படங்களையும் ஆவணங்களையும் வேறொன்றில் பிரதி எடுத்து வையுங்கள். நிறுவும்போது அவை அழிந்துவிடக்கூடும். பிறகு லினக்ஸை நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பாருங்கள். பிரின்டரும் இணையமும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே தெரிந்துவிடும். சில பில் அடிக்கும் மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே இயங்கும். உங்களுக்கு அப்படியொன்று அவசியமென்றால் அதை முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்கு லிப்ரே ஒபிஸ் போதும். அதன் அட்டவணையில் திகதி, பெயர், விபரம், தரவேண்டியது, தந்தது, மீதி, தவணை என்று ஏழு நிரல்கள் போடுங்கள். மீதியை அதுவே கணக்கிடும்படி செய்யலாம். தமிழிலேயே எழுதலாம். வியாபாரம் வளர்ந்தால் 'க்னூகேஷ்' என்ற கணக்கு மென்பொருளும் இலவசமே. நிறுவித் தரும் பிள்ளைக்கு மட்டும் உரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். இலவசம் மென்பொருளுக்குத்தான், அவருடைய உழைப்புக்கல்ல.

கணக்கும் அமானத்தும்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், தவணைக் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறிய தொகையென்று சலித்து விட்டுவிடலாகாது என்பதும் அதன் போதனை. ஸகாத்துக்கும் இந்தக் கணக்கே உதவும். ஹிஜ்ரி வருடம் நிறைவடையும்போது விற்பனைக்குரிய சரக்கின் பெறுமதி, கையிலுள்ள பணம், வரவேண்டிய கடன் ஆகியவற்றை ஒரே பார்வையில் காணலாம்.

வாடிக்கையாளரின் உடல் அளவும் தொலைபேசி இலக்கமும் உங்களிடமுள்ள அமானத். கணனிக்குக் கடவுச்சொல் போடுங்கள். வாரம் ஒருமுறை கணக்கைப் பென் டிரைவில் பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் கொப்பியை மழை அழித்தது போல், கணனியை ஒரு மின்னல் அழித்துவிடும்.

அந்தத் தாய் இப்போது லினக்ஸில்தான் கணக்கு எழுதுகிறார். மத்ரஸாவின் வினாத்தாள்களும் லிப்ரே ஒபிஸில்தான் தயாராகின்றன, அல்ஹம்துலில்லாஹ். கொப்பியிலிருந்தவற்றைப் பதிந்தபோது, துணிக் கடைக்குத் தான் கொடுக்க மறந்திருந்த ஒரு தொகை அவருக்குத் தெரியவந்தது. தனக்கு வரவேண்டியதைக் கேட்குமுன் அதைத்தான் அவர் முதலில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

நம் சம்பாத்தியத்தையும், அதைச் சம்பாதிக்கும் கருவியையும் அல்லாஹ் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.