1969: ஒரு தேர்தலும் ஓர் அச்சமும்

குடியரசுத் தலைவர் தேர்தல் வருகிறதென்றால், "நாட்டின் தலையெழுத்தே இதில்தான் இருக்கிறது" என்று முழங்குவோர் சிலர் எப்போதும் உண்டு. பெரும்பாலும் அது மிகைப் பேச்சே. ஆனால் 1969-ஆம் ஆண்டில் அந்த அச்சத்துக்கு உண்மையாகவே காரணம் இருந்தது. அரசியல் பாடம் படிக்கும் நண்பர்கள் அதைக் காங்கிரஸ் பிளவுக்கு முன்னுரை என்று இரண்டு வரியில் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். பம்பாய்த் தமிழ் மாணவராகிய நாம் அப்படிப் புரட்டிவிடலாகாது.

நாடு சிதறப்போகிறது என்று முதலில் ஆரூடம் சொன்னவர்களுள் வெளியாரும் இருந்தனர். 1960-இல் அமெரிக்கரான செலிக் ஹாரிசன், இந்தியா தன் மிக ஆபத்தான பத்தாண்டுகளில் நுழைகிறது என்று ஒரு நூலே எழுதினார். மொழிப் பிரிவினை நாட்டைக் கூறு போட்டுவிடும் என்பது அவர் கவலை. 1967-இல் லண்டன் 'டைம்ஸ்' ஏட்டின் நெவில் மாக்ஸ்வெல், நான்காம் பொதுத் தேர்தலே இந்நாட்டின் கடைசித் தேர்தலாகும் என்னும் பொருள்பட எழுதினார். இன்று படித்தால் சிரிப்பு வரும். அன்று சிரிக்க முடிந்திருக்குமா? 1962-இல் சீனப் போர், 1964-இல் நேருவின் மறைவு, 1965-இல் தமிழகத்தில் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி, அதையடுத்து வறட்சி, 1966-இல் ரூபாய் மதிப்புக் குறைப்பு என்று அடிமேல் அடி விழுந்துகொண்டிருந்த காலம் அது.

நம் நகரத்தின் கதை இன்னும் கசப்பானது. 1966 ஜூன் 19-இல் சிவசேனை தோன்றிற்று. அதற்கு முன்பே, 'மார்மிக்' வார ஏடு நிறுவனங்களில் உத்தியோகம் பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு அச்சடித்துக்கொண்டிருந்தது. சுருக்கெழுத்தும் தட்டச்சும் பழகிக்கொண்டு மாட்டுங்காவில் ஒண்டுக் குடித்தனம் இருந்த குமாஸ்தாவும், தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்த தொழிலாளியும் ஒரே நாளில் "அந்நியர்" ஆனார்கள். உடுப்பி உணவு விடுதிகள் தாக்கப்பட்டன. 1969 பிப்ரவரியில் பெல்காம் எல்லைத் தகராறு வெடித்தது. துணைப் பிரதமர் மொரார்ஜி தேசாயின் காரை மாகிமில் மறிக்க முயன்றதில் தொடங்கிப் பல நாள் கலவரம் நடந்தது. ஐம்பது உயிர்களுக்கு மேல் போயின. செம்பூரில் குடியிருந்த என் பாட்டனார் அந்த வாரம் தமிழ்ச் செய்தித்தாளை மடித்துச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டுதான் ரயிலேறினாராம்.

இதன் பிறகு மூன்று மாதங்கூட ஆகவில்லை. மே 3-இல் குடியரசுத் தலைவர் ஜாகீர் உசேன் காலமானார்.

அடுத்தவர் யார்? ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் தலைவர்கள், பிரதமர் இந்திரா காந்தியின் விருப்பத்துக்கு மாறாக நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தனர். காமராசர், நிஜலிங்கப்பா, பம்பாயின் எஸ். கே. பாட்டீல் ஆகியோர் அந்தப் பக்கம். இந்திரா ஜூலை 16-இல் மொரார்ஜியின் நிதி இலாகாவைப் பறித்தார். 19-இல் 14 வங்கிகளை அரசுடைமையாக்கினார். அந்த அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்ட தற்காலிகத் தலைவர் வி. வி. கிரி, மறுநாளே பதவி விலகிச் சுயேச்சையாகக் களத்தில் நின்றார். தி.மு.க. அவரை ஆதரித்தது. சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் சி. டி. தேஷ்முக்கை ஆதரித்தன. பம்பாயை மராட்டியத்தினின்று பிரிப்பதை எதிர்த்து 1956-இல் நிதியமைச்சர் பதவியை உதறியவர் அவர். பம்பாய்த் தெருக்களில் தென்னாட்டாரை விரட்டு என்ற கூச்சல். தில்லியிலோ முன்னணியில் நின்ற இருவருமே தெலுங்கர்! இந்த வேடிக்கையை யாரும் அன்று ரசித்ததாகத் தெரியவில்லை.

இத்தேர்தலில் நமக்கு வாக்கில்லை. பாராளுமன்ற, சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே வாக்காளர்கள். மாநில மக்கள்தொகையைச் சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையாலும் பின்னர் ஆயிரத்தாலும் வகுத்தால் ஓர் உறுப்பினரின் வாக்கு மதிப்பு வரும். 1971 மக்கட்கணக்கின்படி தமிழக உறுப்பினர் ஒருவருக்கு 176, மராட்டிய உறுப்பினருக்கு 175, உத்தரப் பிரதேசத்தாருக்கு 208. 2022 தேர்தலிலும் இவையே மதிப்பு. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதனாலேயே வலிமை இழக்கலாகாது என்று 1976-இல் அந்தக் கணக்கை உறையவைத்தார்கள். வடக்கு, தெற்கு என்ற இன்றைய வழக்கின் வேர் இங்கே இருக்கிறது. அதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

வாக்காளர் விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று குறிக்கிறார். வாக்கு இரகசியமானது. கட்சிக் கொறடாவின் ஆணையால் உறுப்பினரைக் கட்டுப்படுத்த இயலாது. இந்த இடத்தில்தான் இந்திரா கை வைத்தார். சொந்தக் கட்சி வேட்பாளருக்காகக் கொறடா ஆணை பிறப்பிக்க மறுத்து, மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார்.

ஆகஸ்டு 16-இல் வாக்களிப்பு, 20-இல் எண்ணிக்கை. வெற்றிக்குத் தேவை 4,18,169. முதல் விருப்பில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. எவரும் எல்லையைத் தொடவில்லை. பின்தங்கியோரை நீக்கி இரண்டாம் விருப்புகளைப் பிரித்துக் கொடுத்தபோது கிரிக்கு 4,20,077, ரெட்டிக்கு 4,05,427. தேவைக்கு மேல் கிரி பெற்றது 1,908 மட்டுமே!

பிப்ரவரியில் பம்பாய்த் தெருவில் நடந்ததையும் இதையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இங்கும் துரோகம் என்றார்கள், நாடு போயிற்று என்றார்கள். ஆனால் எண்ணிக்கை முடிந்தபின் ஒருவர் பதவியேற்றார், மற்றவர் வீட்டுக்குப் போனார். ரெட்டியைப் பழித்துத் துண்டுப் பிரசுரம் பரப்பினார்கள் என்ற வழக்குக்கூட உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போயிற்று. பதவியிலிருக்கும் குடியரசுத் தலைவரே சாட்சி சொல்ல வந்தார். 1970-இல் மனுக்கள் தள்ளுபடியாயின. உடைந்தது நாடன்று, காங்கிரஸ். நவம்பர் 12-இல் இந்திராவைக் கட்சியிலிருந்து விலக்கினார்கள், கட்சி இரண்டாயிற்று.

தோற்ற ரெட்டி 1977-இல் மறுபடியும் நின்றார். 37 வேட்புமனுக்களில் 36 தள்ளுபடியாக, போட்டியின்றியே குடியரசுத் தலைவரானார். அப்போது பிரதமர் யார் தெரியுமா? மாகிமில் காரை மறிக்கப் பார்த்தார்களே, அதே மொரார்ஜி தேசாய்தான்.