வாரம் ஒரு மாத்திரை போதுமா?

"பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது சாயா என்ற கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள். வாரம் ஒன்று போதுமாம். தினமும் போடும் மாத்திரையே சில நேரம் கைவிட்டுவிடுகிறதே, இது எப்படி வேலை செய்யும்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார் ஒரு வாசகி.

நியாயமான சந்தேகம். "ஹார்மோனே இல்லை, பக்கவிளைவே இல்லை" என்று இந்த மாத்திரையைக் கொண்டாடுபவர்களிடம் அதற்குப் பதில் கிடைக்காது. இதில் ஸ்டீராய்டு ஹார்மோன் இல்லை என்பது உண்மை. ஆனால் இது வேலை செய்வதே ஹார்மோனின் இடத்தில் போய் உட்கார்ந்துதான்.

மாதந்தோறும் கருமுட்டை வெளிவருவதை சாயா நிறுத்துவதில்லை. அது கை வைப்பது கருப்பையின் உட்சுவரில். கருப்பையைக் கல்யாண வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளியான கரு வருவதற்குள் அடுப்பு மூட்டி, பாய் விரித்து, இலை போட்டாக வேண்டும். அந்த ஏற்பாட்டைத் தொடங்கச் சொல்வது ஈஸ்ட்ரோஜன். அது வந்து உட்கார்ந்து உத்தரவு போடும் நாற்காலிகளே செல்களிலுள்ள ஏற்பிகள். சாயாவின் மூலக்கூறு முந்திக்கொண்டு அந்த நாற்காலிகளில் அமர்கிறது, வாயைத் திறப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் வாசலில் நிற்கிறது, அடுப்பு எரியவில்லை, இலை விழவில்லை. விருந்தாளி வந்து பார்த்துவிட்டுத் தங்காமல் போய்விடுகிறார். இதே மூலக்கூறு எலும்பு என்னும் பக்கத்து வீட்டு நாற்காலியில் அமர்ந்தால் ஈஸ்ட்ரோஜன் போலவே இலேசாக உத்தரவும் போடுகிறது! ஒரே ஆள், வீட்டுக்கு வீடு வேறு குணம். மருந்தியலில் என்னை இவ்வளவு மகிழ்வித்த விஷயம் குறைவு.

இன்னொன்று, இந்த ஆள் எளிதில் எழுந்து போகமாட்டார். உடலிலுள்ள மருந்தில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். வாரம் ஒன்று போதும் என்பதன் காரணம் இதுதான். ஆனால் நாற்காலிகள் எல்லாம் முதலில் நிரம்ப வேண்டுமே? அதற்காகவே முதல் 3 மாதம் வாரம் இரண்டு. ஞாயிறன்று தொடங்கினால் ஞாயிறும் புதனும். அதன்பின் ஞாயிறு மட்டும்.

வரலாறு சுருக்கமாக: லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் நித்ய ஆனந்த் முதலானோர் உருவாக்கிய சென்ட்குரோமன் என்ற மருந்து இது. 1990களின் தொடக்கத்தில் 'சஹேலி' என்ற பெயரில் கடைக்கு வந்தது. 2017இல் 'சாயா'வாக அரசு மருத்துவமனைகளில் இலவசமானது.

சரியாக எடுத்தாலும் ஆண்டுக்கு நூறு பெண்களில் ஒன்றிரண்டு பேருக்குக் கரு தங்கலாம். 'சரியாக' என்பது பெரும்பாலும் செவிலியரின் வாய்வார்த்தையில் இருக்கிறது. மாதவிலக்கு நாளில் சிலர் இதை நிறுத்திவிடக்கூடும், அது கூடாது. வெளியூரில் வேலை பார்க்கும் கணவர் வரும் வாரம் மட்டும் போட்டுக்கொள்ளலாமா என்றால், அதுவும் கூடாது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, அண்மையில் வந்த மஞ்சள் காமாலை, கல்லீரல் நோய் உண்டா என்று அட்டையைக் கொடுக்கும் முன்பே கேட்டாக வேண்டும். இருந்தால் வேறு முறைதான். தாய்ப்பால் கொடுப்பவருக்குத் தடையில்லை.

சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் அந்தப் பெண் பயந்துபோய் மாத்திரையையே தூக்கி எறிந்துவிடுவார். 15 நாளுக்கு மேல் தள்ளினால் கர்ப்பமா என்று பரிசோதிக்க வேண்டும். முட்டை கருவுற்ற பிறகே இது தடுக்கிறது என்பதையும் கேட்பவரிடம் மறைக்கக் கூடாது. ஏற்பதும் மறுப்பதும் அவர் உரிமை.

மறந்துவிட்டால்? நினைவு வந்ததும் போட்டுக்கொள்ள வேண்டும். ஓரிரு நாள் கடந்திருந்தால் அட்டவணையை மாற்றாமல், அடுத்த மாதவிலக்கு வரை ஆணுறையும் சேர வேண்டும். 7 நாளைத் தாண்டிவிட்டால் நாற்காலிகள் காலியாகத் தொடங்கியிருக்கும்; புதிதாகத் தொடங்குபவர் போல மறுபடியும் வாரம் இரண்டு, 3 மாதத்துக்கு.