கடலை எதிர்கொண்டு நிற்கும் தரங்கம்பாடி ஆலயம்

மயிலாடுதுறை மாவட்டம், தரங்கம்பாடியில் உள்ள புதிய எருசலேம் ஆலயம் 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் சேதமடைந்து, சுமார் ரூ.70 லட்சம் செலவில் புதுப்பிக்கப்பட்டு, 2006-இல் மீண்டும் வழிபாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 'புதிய' என்ற அடைமொழி, இதற்கு முன்பிருந்த ஆலயத்தை நினைவூட்டுகிறது. அந்த ஆலயம் இன்று இல்லை, கடல் கொண்டுவிட்டது.

டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய ஜெர்மானியரான சீகன்பால்க், 1706-இல் இங்கு வந்திறங்கினார். மறு ஆண்டே முதல் ஆலயத்தை எழுப்பினார். அரசர் வீதியில் உள்ள இன்றைய ஆலயம் 1718-இல் கட்டி முடிக்கப்பட்டது. அரசரின் முத்திரையை அதன் முகப்பில் இன்றும் காணலாம். அடுத்த சில மாதங்களிலேயே, 36 வயதில் சீகன்பால்க் காலமானார்.

இத்தகைய பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சுண்ணாம்புக் காரையால் எழுப்பிய செங்கல் சுவர், உள்ளே புகுந்த ஈரத்தை மெல்ல வெளியேற்றிவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினாலோ ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கி, செங்கல் பொடிந்து உதிரத் தொடங்கும். உறுதிக்காகப் பூசியதே சுவரை அரித்துவிடும். உப்புக்காற்று ஓயாத கடலோர ஊர்களில் இந்த அரிப்பு இன்னும் விரைவாக நிகழும்.

சீகன்பால்க்கின் கல்லறை ஆலயத்துக்குள்ளேயே உள்ளது. ஞாயிறுதோறும் அங்கு தமிழில் வழிபாடு நடைபெறுகிறது.