நோன்பு நேரப் பக்கம் வடிவமைத்தபோது கற்ற பாடங்கள்



கூடலூரில் வெப் டிசைன் பழகிவரும் நாங்கள் சிலர், பயிற்சிக்காக ஒரு சிறு இணையப் பக்கம் செய்தோம். ஸஹர் முடிவு, இஃப்தார், ஐவேளைத் தொழுகை நேரங்களைக் காட்டும் பக்கம் அது. எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்று மட்டுமே போதுமானதாக இருந்தது. ஆனால் செய்த தவறுகள் பல. பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் பகிர்கிறோம்.

முதல் தவறு, கையில் கிடைத்த சென்னை அட்டவணையை அப்படியே போட்டது. சூரியன் ஒரு டிகிரி தீர்க்கரேகையைக் கடக்க 4 நிமிடம் ஆகும். சென்னை 80 டிகிரிக்குச் சற்றுக் கிழக்கே, கூடலூர் 77 டிகிரிக்குச் சற்றுக் கிழக்கே. ஆக நமக்குச் சூரியன் மறைவது சுமார் 12 நிமிடம் தாமதம். ஸஹரில் இதனால் பாதகமில்லை, முன்னதாகவே நிறுத்திவிடுவோம். இஃப்தாரிலோ, சூரியன் மறையும் முன்பே நோன்பு திறந்துவிடுவோம்! மேற்கே மலை மறைப்பதால் கண்ணால் பார்த்தும் முடிவு செய்ய இயலாது. எனவே உள்ளூர் ஜமாஅத்தின் அட்டவணையை வாங்கிப் பதிந்தோம். எந்த ஊருக்கான நேரம் என்பதையும் பக்கத்தின் தலைப்பிலேயே எழுதினோம்.

இரண்டாவது தவறு, பகலில் சரியாக இயங்கிய பக்கம், நஃபில் நோன்புக்காக ஸஹருக்கு எழுந்து பார்த்தபோது முந்தைய நாளைக் காட்டியது. தேதியை எடுக்க நாங்கள் பயன்படுத்திய 'டூஐஎஸ்ஓஸ்ட்ரிங்' கட்டளை, உலகப் பொது நேரப்படி தேதி தரும். இந்திய நேரம் அதைவிட 5.30 மணி முன்னால் இருப்பதால், காலை 5.30 வரை அதற்கு நேற்றுதான். நிமிடக் கணக்கில் வித்தியாசம் சிறிது. ஆனால் ரமலான் முதல் ஸஹரில் பக்கம் வெறுமையாக இருந்திருக்கும். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் கைபேசியின் சொந்த நேரத்திலிருந்து தனித்தனியே எடுத்துச் சரிசெய்தோம். அங்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஜாவாஸ்கிரிப்ட் ஜனவரியை 0 என்றே எண்ணும்.

மூன்றாவது, கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிந்த அட்டவணை, எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் பெரியவர்களின் கைபேசியில் ஓரம் வெட்டுப்பட்டு, இஷா நேரமே தெரியவில்லை. சிறிய திரையில் நேரங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்படி சி.எஸ்.எஸ்.ஸை மாற்றினோம். அன்றைய ஸஹர், இஃப்தார் இரண்டையும் மேலே பெரிய எழுத்தில் வைத்தோம்.

கோடு எழுதுவது பாதி வேலைதான். யார், எந்த நேரத்தில், எந்தக் கருவியில் பார்க்கப்போகிறார் என்று யோசிப்பதே மீதி. நம் பிள்ளைகள் பயிற்சிப் பக்கம் செய்தால், பாராட்டுவதோடு நிறுத்தாமல் வீட்டுப் பெரியவர்களின் கைபேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள். பிழைகள் அங்கேதான் தெரியும், இன்ஷா அல்லாஹ்.